டேட்டா சென்டர்களுக்கு நடுவே ஒரு அரசுக் கல்லூரி: எட்டு வாரப் படிப்பு எங்கே கொண்டு சேர்க்கும்?

2025 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ‘ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்’ சட்டம் ஞாபகம் இருக்கிறதா? வரிச்சலுகை, மெடிக்எய்டு வெட்டு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் பிடிக்கும் 1% வரி என்று நாமும் நிறையப் பேசினோம். அதே சட்டத்துக்குள் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் ‘வொர்க்ஃபோர்ஸ் பெல்’.

பெல் என்பது வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் உதவித்தொகை. கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். ஆனால், படிப்பு குறைந்தது 15 வாரம், 600 மணி நேரம் இருந்தால்தான் இதுவரை கிடைத்தது. வெல்டிங், ஏசி மெக்கானிக், நர்ஸ் உதவியாளர், லாரி ஓட்டுநர் மாதிரியான சின்னப் பயிற்சிகளுக்குக் கைக்காசுதான். புதிய சட்டம் 8 முதல் 15 வாரத்துக்குள், 150 முதல் 599 மணி நேரத்துக்குள் முடியும் படிப்புகளுக்கும் பெல் கதவைத் திறக்கிறது. நடைமுறைக்கு வரும் நாளாகச் சட்டம் குறித்திருப்பது 2026 ஜூலை 1.

நல்ல செய்திதானே, இதில் அலச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இந்தப் பணத்தில் பெரும்பகுதி போய்ச் சேரக்கூடிய இடம் கம்யூனிட்டி காலேஜ். அந்தக் கல்லூரி ஒரு வட்டாரத்துக்கு என்ன செய்கிறது, என்ன செய்ய முடியாமல் திணறுகிறது என்று தெரியாமல் இந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் நார்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜ். அந்த ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘நோவா’ என்பார்கள்.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வட்டாரம் புதிதல்ல. ஹெர்ண்டன், சாண்டிலி, ஆஷ்பர்ன் பக்கம் சித்தப்பா மகனோ பழைய டீம் லீடோ யாராவது இருப்பார்கள். உங்கள் போனில் ஓடும் செயலிகளில் ஏதாவது ஒன்று அமேசானின் ‘யுஎஸ்-ஈஸ்ட்-1’ சர்வர்களைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது என்றால் அதுவும் இந்த வட்டாரம்தான்.

முதல்ல, இது என்ன மாதிரி காலேஜ்?

கம்யூனிட்டி காலேஜ் என்றால் இரண்டு ஆண்டு அரசுக் கல்லூரி. பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் போதும். கட்-ஆஃப் கிடையாது, நுழைவுத் தேர்வில் வடிகட்டுவது கிடையாது. (நர்சிங் மாதிரி சில படிப்புகளுக்கு மட்டும் தனிப் போட்டி உண்டு.) இரண்டு ஆண்டு முடித்தால் ‘அசோசியேட்’ பட்டம். அதோடு வேலைக்குப் போகலாம், அல்லது நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய் உட்காரலாம். இன்றும் இயங்கும் முதல் அரசு சமுதாயக் கல்லூரி 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குள் 6 மாணவர்களோடு ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்குக் கல்வி உதவி கிடைத்த பிறகும், 1947-ல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு பரிந்துரைத்த பிறகும் இவை நாடு முழுக்கப் பரவின. இன்று சுமார் ஆயிரம் இருக்கின்றன.

நோவா 1965-ல் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில் ஒரே கட்டடத்தில் 761 மாணவர்களோடு வகுப்பைத் தொடங்கியது. அப்போது அதன் பெயர் டெக்னிக்கல் காலேஜ். அடுத்த ஆண்டே வர்ஜீனியா மாநிலம் தனியாக ஒரு சமுதாயக் கல்லூரி அமைப்பை உருவாக்க, இதுவும் அதில் சேர்ந்தது. இப்போது அந்த அமைப்பில் 23 கல்லூரிகள், பெரியது நோவா. அலெக்ஸாண்ட்ரியா, அனன்டேல், லவுடன், மனாசஸ், உட்பிரிட்ஜ் என்று ஐந்து வளாகங்கள், ஸ்பிரிங்ஃபீல்டில் மருத்துவப் படிப்புகளுக்காக ஆறாவது. மாணவர்களில் ஒரே மாதிரி ஆள் என்று யாரையும் காட்ட முடியாது. பகலில் ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் கணக்கு வகுப்புக்கு வருபவர், எல் சால்வடாரிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ வந்து ஆங்கிலத்தில் ஆரம்பிப்பவர், ராணுவத்திலிருந்து வெளியே வந்தவர், பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடத்தையும் முடித்துக்கொள்ளும் 16 வயதுக்காரர். கடைசியாகச் சொன்ன கூட்டம் சின்னதில்லை. நாடு முழுக்க சமுதாயக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருப்பவர்.

ஜில் பைடன் இங்கேதான் ஆங்கிலம் கற்பித்தார். கணவர் துணை அதிபராக இருந்தபோது 2009-ல் சேர்ந்தவர், வெள்ளை மாளிகைக்குக் குடிபோன பிறகும் 2024 டிசம்பர் வரை அலெக்ஸாண்ட்ரியா வளாகத்தில் வகுப்பெடுத்தார். வெள்ளை மாளிகைக்கு வெளியே சம்பள வேலை பார்த்த முதல் அதிபர் மனைவி அவர்தான். நோவாவைப் பற்றி எழுதும் எல்லோரும் இதைச் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன். ஆனால் இந்தக் கல்லூரியின் கதை அதில் இல்லை.

மூன்றாம் ஆண்டுக்கு நேரே போகும் பாதை

கட்டணம்தான் முதல் ஈர்ப்பு. வர்ஜீனியாவில் வசிப்பவருக்கு சமுதாயக் கல்லூரிக் கட்டணம், அதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முதல் இரண்டு ஆண்டை இங்கே படித்து, பிறகு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துக்கோ வர்ஜீனியா டெக்குக்கோ மாறினால் பட்டச் சான்றிதழில் எந்த வித்தியாசமும் இருக்காது. நம்மூர் பாஷையில் சொன்னால் பாலிடெக்னிக் முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் ‘லேட்டரல் என்ட்ரி’ மாதிரி. ஒரு வித்தியாசம், இங்கே இன்ஜினீயரிங் மட்டுமல்ல, வரலாறு, உளவியல், கணக்குப்பதிவியல் எல்லாவற்றுக்கும் இந்த வழி உண்டு.

ஆனால் பாதை இருக்கிறது என்பது வேறு, அதில் நடந்து முடிப்பது வேறு. அமெரிக்க சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களில் 80% பேர் வரை ‘இளங்கலைப் பட்டம் வாங்கணும்’ என்று சொல்லித்தான் சேர்கிறார்கள். 2024-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, அவர்களில் நான்கு ஆண்டுக் கல்லூரிக்கு மாறுவது மூன்றில் ஒரு பங்கினர். ஆறு ஆண்டுக்குள் பட்டம் வாங்குவது 16% பேர்.

ஏன் இவ்வளவு சரிவு? வேலை, குழந்தை, வாடகை எல்லாம் காரணம்தான். ஆனால் கல்லூரிகளே உருவாக்கிய காரணம் ஒன்று உண்டு: கிரெடிட் தொலைந்துபோவது. இங்கே படித்த பாடத்தை அங்கே உள்ள துறை ஏற்க மறுக்கும். அல்லது ‘விருப்பப் பாடம்’ என்று மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மாணவர் அதே பாடத்துக்கு மறுபடி காசு கட்டிப் படிப்பார். பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

இந்த ஓட்டையை அடைப்பதில் நோவா உருப்படியாக ஒரு காரியம் செய்தது. 2018-ல் ஜார்ஜ் மேசனோடு சேர்ந்து ‘அட்வான்ஸ்’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. நோவாவில் சேரும்போதே, மேசனில் எந்தப் பட்டம் என்று முடிவெடுத்து, முதல் நாளிலிருந்து கடைசி செமஸ்டர் வரை எந்தெந்தப் பாடம் என்று ஒரே பட்டியல். மாறும்போது தனியாக விண்ணப்பிக்க வேண்டாம். வழிகாட்ட ஒரு ஆலோசகர். அதே ஆண்டு வர்ஜீனியா சட்டமன்றமும் ‘பாஸ்போர்ட்’ என்ற பெயரில் ஒரு கிரெடிட் தொகுப்பை உருவாக்கச் சொன்னது. அதை மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்றாக வேண்டும். பார்த்தால் அலுவலக வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரு குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை பட்டத்தோடு வெளியே வருமா, கடனோடு வெளியே வருமா என்பதை இந்த மாதிரிப் பட்டியல்கள்தான் முடிவு செய்கின்றன.

இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரப் படிப்பின் பிரச்சினையும் இதே இடத்தில்தான் வரப்போகிறது.

ஜன்னல் இல்லாத கட்டடங்கள்

நோவாவின் லவுடன் வளாகம் இருப்பது ஸ்டெர்லிங்கில். அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஆஷ்பர்ன். 1990-களில் அமெரிக்க இணையத்தின் ஆரம்பகாலச் சந்திப்பு மையங்களில் ஒன்று இந்த வட்டாரத்தில் இருந்தது. ஏஓஎல் நிறுவனமும் டல்லஸ் விமான நிலையத்தருகே வந்து உட்கார்ந்தது. கேபிள் இருக்கும் இடத்துக்கு சர்வர் வந்தது, சர்வர் இருக்கும் இடத்துக்கு இன்னும் கேபிள் வந்தது. இப்போது ஜன்னல் இல்லாத பெட்டி மாதிரிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன.

‘உலக இணையப் போக்குவரத்தில் 70% ஆஷ்பர்ன் வழியாகத்தான் போகிறது’ என்று ஒரு வாசகம் வாட்ஸ்அப் வரை சுற்றுகிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். கைக்கு நிற்கிற கணக்கு வேறு: வர்ஜீனியா சட்டமன்றத்தின் தணிக்கை மற்றும் ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் இயங்கும் டேட்டா சென்டர் திறனில் சுமார் 13% வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. உலகிலேயே பெரிய சந்தை இதுதான். அதுவே போதுமான அளவு பெரிய விஷயம்.

பக்கத்தில் இப்படி ஒரு தொழில் இருந்தால் உள்ளூர்க் கல்லூரி சும்மா இருக்குமா? நோவா டேட்டா சென்டர் இயக்கத்துக்கென்றே இன்ஜினீயரிங் டெக்னாலஜியில் தனிப் பிரிவு தொடங்கியது. மின்சாரம், பேக்கப் ஜெனரேட்டர், குளிரூட்டல், ஃபைபர் இணைப்பு எல்லாம் அதில் வரும். அமேசான் வெப் சர்வீசஸோடு சேர்ந்து கிளவுட் கம்ப்யூட்டிங்கில் அசோசியேட் பட்டம் கொண்டுவந்தது. மனாசஸில் மைக்ரான் நிறுவனத்தின் சிப் ஆலை இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சி. வாஷிங்டன் பக்கத்தில் இருப்பதால் சைபர் செக்யூரிட்டி. கம்பெனி கேட்டதைக் கல்லூரி கொடுக்கிறது, மாணவருக்கு வேலை கிடைக்கிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. விளம்பரப் பலகையில் இந்தக் கதை இத்தோடு முடிந்துவிடும்.

ஆனா கணக்கு ஓர் இடத்துல இடிக்குது.

அதே அறிக்கை சொல்கிறது: சுமார் 2,50,000 சதுர அடி கொண்ட ஒரு வழக்கமான டேட்டா சென்டரைக் கட்டும்போது, வேலை உச்சத்தில் இருக்கையில் அங்கே 1,500 பேர் வரை இருப்பார்கள். கட்டி முடித்து ஓட ஆரம்பித்த பிறகு அதே கட்டடத்தில் முழுநேர ஆட்கள் சுமார் 50 பேர். அதிலும் பாதிப் பேர் ஒப்பந்த ஊழியர்கள். இந்தத் தொழிலால் மாநிலம் முழுக்க ஆண்டுக்கு 74,000 வேலை என்று ஒரு பெரிய எண்ணும் அதில் இருக்கிறது. ஆனால் பொருளாதாரப் பலனில் பெரும்பகுதி கட்டுமானக் கட்டத்தில்தான் வருகிறது என்பதையும் அந்தக் குழுவே தெளிவாகச் சொல்கிறது.

இதை ஒரு மாணவரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். இன்று எலெக்ட்ரீஷியனுக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் அங்கே கடும் தட்டுப்பாடு. பத்து வாரம் படித்தால் நாளைக்கே வேலை. ஆனால் புதுக் கட்டடம் கட்டுவது நின்றால்? மின்சாரம் போதாமை, வீட்டுக்குப் பின்னால் இரைச்சல் என்று அந்த வட்டாரத்து மக்களே எதிர்ப்புக் குரல் எழுப்புகிறார்கள். புதிய அனுமதிகளுக்கு லவுடன் நிர்வாகமும் கெடுபிடி கூட்டியிருக்கிறது. பத்து வாரச் சான்றிதழ் மட்டும் கையில் இருப்பவர் அப்போது என்ன செய்வார்? 1,500-லிருந்து 50-க்குள் போய் உட்கார அவருக்கு மேல்படிப்பு தேவை. பத்து வாரத்தில் படித்தது அந்த மேல்படிப்பில் கணக்கில் சேர்ந்தால் பாதி வழி தாண்டியவர் ஆவார். சேராவிட்டால் முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இந்த முறை வயதும் குடும்பப் பொறுப்பும் கூடிய நிலையில்.

காசு யாருக்குப் போகுது?

இங்கே ஒரு கிளைக் கதை சொல்லியாக வேண்டும். இல்லினாய், கலிஃபோர்னியா, டெக்ஸாஸ் மாநிலங்களில் சமுதாயக் கல்லூரிகளுக்கு உள்ளூர் சொத்து வரியில் சட்டப்படி பங்கு உண்டு. ஜோலியட் கல்லூரிக்குத் தேர்தலில் வென்ற உறுப்பினர்கள் கொண்ட நிர்வாகக் குழுவே இருக்கிறது. வர்ஜீனியாவில் அப்படி இல்லை. மாநில அரசின் ஒதுக்கீடும் மாணவர் கட்டணமும்தான் பிரதான வருமானம். உள்ளாட்சிகள் தருவது சிறு தொகை. டேட்டா சென்டர்களின் கணினிச் சாதனங்கள் மீதான வரியால் லவுடன் கவுன்ட்டியின் கஜானா நிரம்பியிருக்கிறது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் சாலையும் வருகின்றன. ஆனால் அதே டேட்டா சென்டர்களுக்கு ஆள் தயார்செய்து கொடுக்கும் கல்லூரிக்கு அதில் உரிமைப் பங்கு கிடையாது.

மறுபக்கம், சர்வர் வாங்கும்போது விற்பனை வரி கட்ட வேண்டாம் என்ற சலுகையில் மாநிலம் விட்டுக்கொடுத்தது 2023 நிதியாண்டில் மட்டும் சுமார் 93 கோடி டாலர் என்று அதே ஆய்வுக் குழு கணக்கிட்டது. சலுகை இல்லாவிட்டால் கம்பெனிகள் வேறு மாநிலத்துக்குப் போயிருக்கும் என்று வாதிடலாம். அந்தக் குழுவும் சலுகை முதலீட்டை ஈர்த்தது என்றே சொல்கிறது. என் கேள்வி சின்னது. இவ்வளவு விட்டுக்கொடுக்கும்போது, ஆள் பயிற்சிக்கான செலவில் ஒரு பங்கைக் கட்டாயமாகக் கேட்டிருக்கலாமே? கேட்காததால் கல்லூரி கம்பெனிகளின் நன்கொடை ஆய்வகத்துக்கும் கூட்டுத் திட்டத்துக்கும் காத்திருக்கிறது. நன்கொடை தருபவர் தனக்கு வேண்டிய பாடத்துக்குத்தான் தருவார். நாடு முழுக்கவே சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரம். கருவிக்கு ஸ்பான்சர் கிடைக்கும், ஆசிரியர் சம்பளத்துக்குக் கிடைக்காது.

வர்ஜீனியா ஏற்கெனவே செய்து பார்த்தது

குறுகியகாலப் படிப்புக்கு அரசுப் பணம் என்பது வர்ஜீனியாவுக்குப் புதிதில்லை. 2016-லேயே ‘ஃபாஸ்ட்ஃபார்வர்ட்’ என்ற திட்டம் வந்துவிட்டது. அதன் விதி சுவாரசியமானது. படிப்புக்கு 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் சேரும்போது 1,000 கட்டுவார். படிப்பை முடித்ததும் மாநிலம் கல்லூரிக்கு 1,000 தரும். தொழில் சான்றிதழ் தேர்வில் தேறினால் இன்னொரு 1,000. மாணவர் பாதியில் நின்றுவிட்டால் மாநிலம் தராது. இரண்டாவது 1,000-ஐ மாணவரே கட்ட வேண்டும். அதாவது கல்லூரிக்கும் மாணவருக்கும் இருவருக்கும் முடிக்க வேண்டிய கட்டாயம். பாதியில் போனாலும் கல்லூரிக்குப் பணம் வந்துவிடும் வழக்கமான முறையிலிருந்து இது ரொம்பவே மாறுபட்டது. 2021-ல் வந்த ‘ஜி3’ திட்டம் மருத்துவம், ஐடி, கைத்தொழில், பொதுப் பாதுகாப்பு, மழலையர் கல்வி ஆகிய ஐந்து துறைகளில் நடுத்தர வருமானக் குடும்பங்கள் வரைக்கும் கட்டணச் சுமையை நீக்கியது.

இப்போது மத்திய அரசின் புதிய பெல். இதிலும் நிபந்தனைகள் உண்டு. சேர்பவர்களில் குறைந்தது 70% பேர் முடிக்க வேண்டும்; முடித்தவர்களில் 70% பேருக்கு வேலை கிடைக்க வேண்டும். படிப்பு ஏற்கெனவே ஓராண்டாவது நடந்திருக்க வேண்டும். மாநில ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும். (நம்மூர் ஆளுநர் மாதிரி இல்லை, அங்கே ஆளுநர் என்றால் முதலமைச்சர் போன்றவர்.) கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ‘வேலை’ என்றால் என்ன வேலை என்பதுதான் விஷயம். நர்ஸ் உதவியாளர் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு பத்து வாரம்தான். முடித்தவுடன் முதியோர் இல்லத்தில் வேலை உறுதி, ஏனென்றால் அந்த வேலையில் யாரும் நிலைப்பதில்லை. சம்பளம் அவ்வளவு குறைவு. 70% விதியை இது எளிதாகத் தாண்டும். சம்பளத்துக்கும் ஒரு சோதனை சட்டத்தில் இருக்கிறது: முடித்தவர்களின் இடைநிலைச் சம்பளத்திலிருந்து வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கைக் கழித்தால் வரும் தொகையைவிடக் கட்டணம் அதிகமாக இருக்கக் கூடாது. தனி ஆளுக்கு 2025-ன் வறுமைக்கோடு 15,650 டாலர். ஒன்றரை மடங்கு என்றால் சுமார் 23,500. ஆண்டுக்கு 28,000 டாலர் வாங்கித் தரும் படிப்பு 4,000 டாலர் வசூலித்தாலும் தேறிவிடும். வட்டார விலைவாசிக்கு ஏற்பச் சம்பளத்தைத் திருத்திக் கணக்கிடுவார்கள் என்றாலும், ஃபேர்ஃபேக்ஸ் வாடகையில் அந்தச் சம்பளம் எத்தனை நாள் தாங்கும் என்று அங்கே இருக்கும் நண்பரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல். பெல் வாழ்நாளுக்கு ஒரு வரம்போடு வருகிறது, மொத்தம் 12 செமஸ்டர். குறுகியகாலப் படிப்புக்கு எடுப்பதும் அதில் கழியும். அங்கீகாரம் பெற்ற லாப நோக்கு நிறுவனங்களும் இந்தப் பணத்துக்குத் தகுதி பெறலாம். பளபள விளம்பரம் பார்த்து உதவாத படிப்பில் சேர்ந்தவர், பிறகு பட்டம் படிக்க வரும்போது தன் பங்கில் கொஞ்சம் ஏற்கெனவே கரைந்திருப்பதைப் பார்ப்பார். தொகையும் பெரிதில்லை. 300 மணி நேரப் படிப்பு என்றால் முழு ஆண்டுத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதிகபட்சம்.

சட்டத்தில் நல்ல வரி ஒன்றும் இருக்கிறது. குறுகியகாலச் சான்றிதழ் அடுத்த படிப்பில் கிரெடிட்டாகச் சேர வேண்டும் என்கிறது. எழுதியாகிவிட்டது, யார் அமல்படுத்துவது? அமெரிக்க சமுதாயக் கல்லூரிகளில் கிரெடிட் உள்ள படிப்பும் கிரெடிட் இல்லாத தொழிற்பயிற்சியும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் தனித்தனி உலகம். பதிவு முறை வேறு, ஆசிரியர்கள் வேறு, பல இடங்களில் கணினி அமைப்பே வேறு. மேசனோடு கைகோக்க நோவா போட்ட ‘ஒரே பட்டியல்’ உழைப்பை இப்போது தன் வீட்டுக்குள்ளேயே, பத்து வார ஏசி பயிற்சிக்கும் இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டத்துக்கும் இடையே போட வேண்டும். பெரிய கல்லூரி, பக்கத்தில் பணக்காரத் தொழில் எல்லாம் இருக்கும் நோவாவுக்கே இது பெரிய வேலை. வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் நிலக்கரிச் சுரங்கம் மூடிய ஊர்களில் இருக்கும் சின்னக் கல்லூரிகளுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

நேரமும் நெருக்கடியானது. பொருளாதாரம் சரியும்போது சமுதாயக் கல்லூரிகளில் கூட்டம் கூடுவது அமெரிக்காவில் பழைய வழக்கம் (கொரோனா காலம் மட்டும் விதிவிலக்கு, அப்போது கூட்டம் சரிந்தது). 2025-ல் டிரம்ப் அரசு மத்திய அரசுப் பணியாளர்களைக் குறைத்தபோது அதிகம் அடிபட்ட பகுதிகளில் வடக்கு வர்ஜீனியாவும் ஒன்று. இருபது ஆண்டு அரசு வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவருக்கும், 19 வயதில் முதல் வேலை தேடுபவருக்கும் ஒரே வாசல்தான்.

ஹெச்-4-ல் இருக்கும் நம்மவர்களுக்கு

இந்தக் கட்டுரையை அந்த ஊரிலிருந்தே படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹெச்-4 விசாவில் இருக்கும் துணைவர்கள் தனி மாணவர் விசா இல்லாமலே சமுதாயக் கல்லூரியில் முழுநேரமோ பகுதிநேரமோ படிக்கலாம். பலர் படிக்கிறார்கள். ஆனால் படித்து முடித்தவுடன் வேலைக்குப் போக அனுமதி தனியாக வேண்டும். பெல் உதவித்தொகை, பழையதானாலும் புதியதானாலும், அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்ற குறிப்பிட்ட வகையினருக்கும் மட்டுமே. ‘எட்டு வாரம் படிங்க, அரசாங்கமே காசு கொடுக்கும்’ என்று யாராவது போன் பண்ணினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் 1996-லேயே வந்தது

சமுதாயக் கல்லூரி என்ற யோசனை தமிழ்நாட்டுக்கு வராமல் இல்லை. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னையில் இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸின் முயற்சியும் இந்தியாவிலேயே முன்னோடிகள். பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கும் குடிசைப் பகுதி இளைஞர்களுக்கும் வாழ்க்கைத் திறன், மொழி, தொழில், அதோடு ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி என்று அந்த மாதிரி உருவானது. பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவற்றுக்கு அங்கீகாரம் தந்தது. 2013-ல் மத்திய அரசு 200 சமுதாயக் கல்லூரிகள் என்று அறிவித்து யுஜிசி வழியாகத் திட்டம் கொண்டுவந்தது.

ஆனாலும் உங்கள் தெருவில் யாராவது ‘நான் சமுதாயக் கல்லூரியில் படிக்கிறேன்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை. என் பார்வையில் காரணம், அந்த டிப்ளமோவிலிருந்து பட்டப்படிப்புக்கு ஏறும் படி ரொம்ப காலம் உறுதியாக இல்லாதது. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பெற்றோர் பிள்ளையை அங்கே அனுப்புகிறார்கள். 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் திறன் பாடங்களைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள் கிரெடிட்டோடு வைத்ததும் இதே தர்க்கம்தான்.

சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. 2021-லேயே தமிழ்நாடு அரசு இதற்குத் தனிக் கொள்கை வெளியிட்டது. ஆஷ்பர்னின் 1,500–50 கணக்கு அப்படியே இங்கே பொருந்தாமல் போகலாம். ஆனால் கட்டும்போது நிறையப் பேர், ஓட்டும்போது கொஞ்சம் பேர் என்ற அமைப்பு எந்த ஊரிலும் மாறப்போவதில்லை. ஒரு கம்பெனி ஐடிஐ-யோடு ஒப்பந்தம் போட்டு ‘மூன்று மாதப் பயிற்சி, உடனடி வேலை’ என்று அறிவிக்கும்போது, அந்த மூன்று மாதம் டிப்ளமோவில் எத்தனை கிரெடிட்டாகச் சேரும் என்பது அறிவிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். நோவாவிலும் 2026 ஜூலைக்குப் பிறகு பார்க்க வேண்டியது இதைத்தான்: ஒவ்வொரு குறுகியகாலப் படிப்புக்கு எதிரேயும் எந்த அசோசியேட் பட்டத்தில், எத்தனை கிரெடிட் என்று ஒரு எண் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா.